என்எஸ் (சிங்கப்பூர் கட்டாய தேசிய சேவை) போறதுக்கு முன்னாடி என் டிராக்கெல்லாம் எப்படி பேக்கப் எடுக்கிறது? எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா?

தம்பி, நீங்க கேட்டதை என் வார்த்தையில ஒரு தடவ சொல்லிக்கிறேன். பாலிடெக்னிக் நாள்லேர்ந்து ஏபிள்டன் லைவ்ங்கிற மியூசிக் மென்பொருள்ல பண்ண டிராக் எல்லாம் ஒரே லேப்டாப்ல இருக்கு, கிட்டத்தட்ட 300 ஜிபி, கூட ஒரு 2 டிபி போர்ட்டபிள் டிரைவ், கூகுள் டிரைவ்ல கொஞ்சம், செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு சிந்த் (சிந்தசைசர்), ஒரு டிரம் மெஷின். அடுத்த வருஷம் என்எஸ், அதுக்குள்ள எந்த டிரைவ் வாங்கலாம்னு கேக்குறீங்க. ஆனா கடைசியில "ஓஆர்டி ஆனதும் (என்எஸ் முடிஞ்சதும்) விட்ட இடத்துலேர்ந்து தொடரணும்"னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, உண்மையான கேள்வி அதுதான். எந்த டிரைவ்ங்கிறது அதுல சின்ன பங்கு. ஃபைல் பத்திரமா இருக்கிறது வேற, ரெண்டு வருஷமோ பத்து வருஷமோ கழிச்சு அதே ஃபைலைத் திறந்தா அதே பாட்டு கேக்கணுங்கிறது வேற. நான் பல வருஷமா ஆடியோ போஸ்ட் ப்ரொடக்‌ஷன்ல இருக்கேன், மத்தவங்க கொண்டு வர்ற பழைய செஷன்களைத் திறந்து மிக்ஸ் பண்றது என் வேலையில பெரிய பகுதி, அந்த அனுபவத்துல சொல்றேன். செத்துப்போன டிரைவ்லேர்ந்து டேட்டா எடுக்கிற வேலை என் துறை இல்ல, அந்தப் பக்கம் நான் போகல.

முதல்ல ப்ராஜெக்ட் ஃபைல். லைவ்ல சேவ் பண்ணா வர்ற ஏஎல்எஸ் ஃபைலுக்குள்ள உங்க சத்தம் எதுவும் கிடையாது, எந்த சாம்பிள் (பாட்டுல போடுற ஒலித் துண்டு) எந்த ஃபோல்டர்ல இருக்கு, எந்த பிளகின் (லைவுக்குள்ள சேர்த்து ஓடுற கருவி, எஃபெக்ட் மென்பொருள்) எந்த செட்டிங்ல இருக்கு, நோட்ஸ், ஆட்டோமேஷன், இவ்வளவுதான் அதுல இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லேர்ந்து நேரா இழுத்துப் போட்ட கிக் சாம்பிள் டவுன்லோட்ஸ்லயேதான் இருக்கும். ஒருத்தர் இப்படித்தான் பென் டிரைவ்ல ஏஎல்எஸ் ஃபைலை மட்டும் காப்பி பண்ணி எடுத்துட்டு வந்தார், திறந்தா பாதி டிராக் சாம்பிளைக் காணோம்னு எச்சரிக்கை, அந்த சாம்பிள் எல்லாம் இருந்த லேப்டாப்பை அவர் ஏற்கனவே வித்துட்டார். அதனால ஒவ்வொரு ப்ராஜெக்டையும் திறந்து "கலெக்ட் ஆல் அண்ட் சேவ்" குடுங்க, அப்ப வர்ற பெட்டியில வெளி ஃபைல், மத்த ப்ராஜெக்ட்ல உள்ளது, யூசர் லைப்ரரி, ஃபேக்டரி பேக்னு தனித்தனியா கேக்கும், ஆர்க்கைவுக்கு எடுக்கும்போது எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க, இடம் கூட ஆகும், பரவால்ல. இதுல ஒரு ஓட்டை இருக்கு, கான்டாக்ட் மாதிரி வெளி கம்பெனி பிளகினுக்குள்ள லோட் பண்ண சாம்பிள்களை இது சேர்த்து எடுக்காது, அதை நீங்கதான் கையால எடுக்கணும். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள "பேக்கப்"னு ஒரு ஃபோல்டர் தானா உருவாகி இருக்கும், கடைசியா சேவ் பண்ண பத்து வர்ஷன் அதுல இருக்கும், தப்பா சேவ் பண்ணிட்டா உதவும், ஆனா அது அதே டிஸ்க்ல இருக்கிறதால பேர்தான் பேக்கப், டிஸ்க் போனா அதுவும் போயிடும். எஃப்எல் ஸ்டூடியோல வேலை பண்றவங்களுக்கு ஜிப்பா எக்ஸ்போர்ட் பண்ற வசதி இருக்கு, கியூபேஸ்ல "பேக்கப் ப்ராஜெக்ட்", லாஜிக்ல சேவ் பண்ணும்போது ஆடியோவையும் சாம்பிளர் சத்தங்களையும் உள்ள சேர்க்கவான்னு கேக்கும். பேர்தான் வேற வேற.

இவ்வளவும் பண்ணாலும் பிளகின் பிரச்சினை தீராது, நான் பார்த்த வரைக்கும் டிஸ்க் செத்து இழந்த பாட்டைவிட பிளகின் இல்லாம ஊமையான பாட்டுதான் அதிகம். 2019 அக்டோபர்ல மேக் ஓஎஸ் கேட்டலினா வந்தப்ப 32 பிட் மென்பொருள் மொத்தமும் ஓடாம போச்சு, அதுக்கு முன்னாடி 2018ல லைவ் 10 வந்தப்பவே 32 பிட் பிளகினை விட்டாச்சு. ஃபைல் எல்லாம் பத்திரமா இருந்தும் திறந்தா பேஸ் லைன் வராது, ஏன்னா அந்த இலவச சிந்த் பிளகினை எழுதினவர் அதை 64 பிட்டுக்கு மாத்தவே இல்ல. இன்னொண்ணு, லைவ் 12ல சேவ் பண்ணது லைவ் 11ல திறக்காது, பழசு புதுசுல திறக்கும், புதுசு பழசுல திறக்காது. ரெண்டு வருஷத்துல உங்க பிளகின்ல எதெது நின்னு போகும்னு யாராலயும் இப்ப சொல்ல முடியாது. ஏதோ ஒண்ணாவது மாறும்னு வச்சுக்கிட்டே வேலை பண்ணுங்க. இன்ஸ்டாலர் ஃபைல், சீரியல் நம்பர், எந்த ஈமெயில்ல வாங்கினீங்க, இதெல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு ப்ராஜெக்டோட சேர்த்து வைங்க.

சரி, இதுக்கு மருந்து என்னன்னா ஸ்டெம். இதுதான் நான் உங்ககிட்ட ரொம்ப வலியுறுத்தி சொல்ல நினைக்கிற விஷயம், மத்ததெல்லாம் படிக்கலன்னாலும் இதைப் பண்ணுங்க. பாட்டுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு டிராக்கையும் (கிக், பேஸ் மாதிரி ஒவ்வொரு வரிசையும்) தனித்தனி வேவ் ஃபைலா, எல்லாமே பாட்டோட முதல் பார்லேர்ந்து ஆரம்பிச்சு ஒரே நீளத்துக்கு எக்ஸ்போர்ட் பண்ணுங்க. லைவ்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போது எல்லா தனி டிராக்கும்னு தேர்ந்தெடுத்தா ஒரே தடவையில வந்துடும். அப்படி இருந்தா 2040ல எந்த மென்பொருள் இருந்தாலும் எல்லா ஃபைலையும் வரிசையா ஆரம்பத்துல அடுக்கினா பாட்டு வந்துடும். நார்மலைஸ் (சத்தத்தை தானா உச்ச அளவுக்கு ஏத்துறது) ஆஃப்ல இருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு ஸ்டெமும் வேற வேற அளவுல ஏறி பேலன்ஸ் கெட்டுடும். எஃபெக்டோட ஒரு செட் எடுங்க, முக்கியமான டிராக்குக்கு எஃபெக்ட் இல்லாம இன்னொரு செட், ஏன்னா ரிவெர்ப் ஊறிப்போன சத்தத்துலேர்ந்து ரிவெர்பை முழுசா பிரிச்சு எடுக்க முடியாது. மிடி கிளிப்களையும் (சத்தம் இல்லாம நோட்ஸ் மட்டும் உள்ளது) தனியா மிடி ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க, ரொம்ப சின்ன ஃபைல்தான், நாளைக்கு வேற சிந்த்ல அதே நோட்ஸை வாசிக்கலாம். மாஸ்டர்ல கம்ப்ரெசர், லிமிட்டர் போட்டிருந்தா அதை ஆஃப் பண்ணி ஸ்டெம் எடுங்க, மாஸ்டரோட முழு மிக்ஸ் தனியா ஒண்ணு இருக்கட்டும்.

எடுத்தது சரியா வந்திருக்கான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. மாஸ்டர் எஃபெக்ட் எல்லாம் ஆஃப்ல இருக்கும்போது முழு மிக்ஸையும் ஒரு தடவ எக்ஸ்போர்ட் பண்ணுங்க, புது ப்ராஜெக்ட்ல எஃபெக்டோட எடுத்த ஸ்டெம் எல்லாம் அடுக்கி, அந்த மிக்ஸை ஃபேஸ் திருப்பி (ஒலி அலையைத் தலைகீழா ஆக்கி) கூட போடுங்க, எல்லாம் சரியா இருந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சு சத்தமே வராது. ஏதாவது கேட்டுச்சுன்னா அந்த டிராக் விட்டுப் போச்சு, இல்லன்னா ரிட்டர்ன் டிராக்கை (பல டிராக்குக்குப் பொதுவா எஃபெக்ட் போடுற டிராக்) ரெண்டு தடவ எடுத்துட்டீங்க. ஆனா எலக்ட்ரானிக் மியூசிக்ல இது எப்பவும் சுத்தமா வராது, ஓடிக்கிட்டே இருக்கிற எல்எஃப்ஓ (சத்தத்தை மெதுவா அசைக்கிற அலை), ரேண்டம் மாடுலேஷன், சில கோரஸ் எஃபெக்ட் எல்லாம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறித்தான் வரும், அதனால மெல்லிசா ஏதோ கேட்டா பயப்பட வேண்டாம், ஒரு முழு டிராக் தெளிவா கேட்டாதான் பிரச்சினை. அதே காரணத்துக்காகத்தான் ஸ்டெம் அவசியம்னும் சொல்றேன், அந்த ரேண்டம்ல ஒரு தடவ விழுந்த அழகான டேக் ப்ராஜெக்டைத் திரும்பத் திறந்தா அப்படியே வராது.

அளவு பத்தி பயம் இருந்தா கணக்கு பாருங்க. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோன்னா நிமிஷத்துக்கு சுமார் 17 எம்பி. 5 நிமிஷப் பாட்டுக்கு 20 ஸ்டெம்னா கிட்டத்தட்ட 1.7 ஜிபி. முடிச்ச பாட்டு நூறு இருந்தாகூட 200 ஜிபிக்குள்ள அடங்கிடும். இன்னும் சுருக்கணும்னா ஃபிளாக் ஃபார்மேட், தரம் ஒரு துளியும் குறையாம பெரும்பாலும் பாதியிலேர்ந்து முக்கால் அளவுக்குள்ள வரும், நடுவுல மௌனம் அதிகமா உள்ள ஸ்டெம்னா இன்னும் சின்னதா ஆகும். அதோட ஃபிளாக் ஃபைலுக்குள்ளயே ஆடியோவோட எம்டி5ன்னு ஒரு சோதனை எண் இருக்கு, பின்னாடி ஃபைல் கெட்டுப்போச்சான்னு சோதிக்க அது போதும். ஆனா ஃபிளாக்ல 32 பிட் ஃப்ளோட்ங்கிற ஆடியோ வகை போகாது. லெவல் மீட்டர் சிவப்புல ஏறின டிராக் இருந்தா 24 பிட்ல அது வெட்டுப்படும், 32 பிட் ஃப்ளோட் வேவ்ல வெட்டுப்படாது, அந்த மாதிரி டிராக்கை ஒண்ணு லெவல் இறக்கி எடுங்க, இல்லன்னா வேவாவே விடுங்க. எம்பி3யை மட்டும் ஆர்க்கைவ்னு வைக்காதீங்க. மணிக்கணக்கா நீளமா ஜாம் ரெக்கார்ட் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை, சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, 8 சேனலை ஒரே ஃபைலா எடுத்தா சுமார் ஒரு மணி நேரத்துல அந்த எல்லை வந்துடும்.

ஹார்ட்வேருக்கு வர்றேன், இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. பழைய சிந்த்ல பல மாடல் பேட்ச் (நீங்க செஞ்சு வச்ச சத்தத்தோட செட்டிங்) மெமரியை ஒரு காயின் பேட்டரி வச்சு காப்பாத்துது, ரெண்டு வருஷம் அலமாரியில கிடக்கும்போது அந்த பேட்டரி தீர்ந்தா நீங்க உட்கார்ந்து செஞ்ச சத்தமெல்லாம் அழிஞ்சுடும். சிஸெக்ஸ் டம்ப் (மிடி வழியா சிந்த் மெமரியை ஃபைலா அனுப்புறது) எடுத்து கம்ப்யூட்டர்ல வைங்க, யமஹா டிஎக்ஸ்7ல 32 பேட்ச் உள்ள ஒரு முழு பேங்க் 4 கேபி சொச்சம்தான், அவ்வளவு சின்னது. டிரம் மெஷின்ல மெமரி கார்டு இருந்தா கார்டு மொத்தத்தையும் காப்பி பண்ணுங்க. மாடுலர் சிந்த் (கேபிள் மாட்டி சத்தம் செய்யறது) மாதிரி சேவ் பண்ணவே வழியில்லாத கருவின்னா ஆடியோவா பதிஞ்சு வச்சதுதான் மிஞ்சும், கேபிள் எப்படி மாட்டியிருக்குன்னு ஒரு போட்டோவும் எடுத்து வைங்க. இதையெல்லாம்விட முதல்ல காப்பாத்த வேண்டியது நீங்களே வெளியில போய் பதிஞ்ச சத்தங்களை. தைப்பூசத்துல பதிஞ்ச உறுமி, பாட்டி பேசினது, டெக்கா மார்க்கெட் இரைச்சல், இதெல்லாம் பிளகின் மாதிரி திரும்ப டவுன்லோட் பண்ண முடியாது. இருக்கிற 300 ஜிபியில காசு குடுத்து வாங்கின சாம்பிள் பேக் எவ்வளவு, உங்க சொந்தப் பதிவு எவ்வளவுன்னு பிரிச்சுப் பாருங்க, உண்மையிலேயே ஈடு இல்லாதது ரொம்ப சின்ன அளவாத்தான் இருக்கும், அதை மூணு இடத்துல என்ன நாலு இடத்துலகூட வைக்கலாம்.

மூணு இடம்னு சொன்னேன்ல, 3-2-1ன்னு ஒரு விதி இருக்கு, பீட்டர் கிரோக்னு ஒரு போட்டோகிராஃபர் பிரபலமாக்கினது. மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வீட்டுக்கு வெளியே. இதுல முக்கியமானது அந்த வெளியே. வீட்டு ஷெல்டர்ல (பாதுகாப்பு அறை) கனமான கதவு இருக்கு, அதுக்குள்ள டிரைவ் வச்சா போதும்னு சிலர் நினைக்கிறாங்க, அது வீட்டுக்குள்ளதானே இருக்கு. லேப்டாப்பும் பேக்கப் டிரைவும் ஒரே மேசையில ஒரே மல்டி பிளக்ல சொருகியிருந்தா ஒரு திருட்டு, ஒரு தீ, ஒரு மின்னல் போதும், நம்ம ஊர் இடி மின்னல் உங்களுக்குத் தெரியாததில்ல. அக்கா வீடு உட்லண்ட்ஸ்ல இருந்தா ஒரு டிரைவ் அங்க இருக்கட்டும். பேக்கப் முடிஞ்சதும் டிரைவைக் கழட்டி வைங்க, எப்பவும் சொருகியே இருக்கிற டிரைவையும் சேர்த்துத்தான் ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டு காசு கேக்கிற மென்பொருள்) பூட்டும். ரெய்டு (பல டிஸ்க்ல சேர்த்து எழுதுற முறை) போட்ட நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்ல இணைக்கிற டிஸ்க் பெட்டி) வச்சிருக்கேன் அதுவே பேக்கப்ன்னு சொல்றவங்களுக்கும் இதே பதில், ரெய்டு ஒரு டிஸ்க் செத்தா வேலை நிக்காம காப்பாத்தும், நீங்களே தப்பா டெலீட் பண்ணதை காப்பாத்தாது.

கூகுள் டிரைவ் பத்தி. அது சிங்க், லேப்டாப்ல அழிச்சா அங்கயும் அழியும், டிராஷ்ல 30 நாள் கிடந்துட்டு போயிடும். கேம்ப்ல இருக்கும்போது தம்பி தங்கச்சி யாராவது லேப்டாப்ல இடம் பத்தலன்னு ஒரு ஃபோல்டரைத் தூக்கிட்டா உங்களுக்குத் தெரியவே ஒரு மாசம் ஆகலாம். இன்னொரு விஷயம், 15 ஜிபி இலவசம்னு தனியா ரெண்டாவது மூணாவது அக்கவுண்ட் திறந்து வச்சிருந்தா கவனிங்க, ரெண்டு வருஷம் தொடாத தனிநபர் அக்கவுண்டை கூகுள் அழிக்கலாங்கிறது அவங்க வெளியிட்ட கொள்கை, முழுநேர என்எஸ்ஸும் ரெண்டு வருஷம்தான். கேம்ப்லேர்ந்து புக் அவுட் ஆகி வர்ற வாரம் ஒண்ணுல உள்ள போய் பார்த்துடுங்க. பாட்டை ஸ்ட்ரீமிங் தளத்துல ஏத்தியாச்சு அங்க இருக்கும்னும் இருந்துடாதீங்க. மைஸ்பேஸ்ங்கிற பழைய சமூக வலைத்தளக்காரங்க 2019ல ஒத்துக்கிட்டாங்க, சர்வர் மாத்துறப்ப ஆரம்ப நாள்லேர்ந்து 2015 வரைக்கும் ஏத்தின பாட்டெல்லாம் போச்சுன்னு, 5 கோடி பாட்டுன்னு அப்ப செய்தி வந்துச்சு. யாரோ படிப்புக்காக முன்னாடியே இறக்கி வச்சிருந்ததுல கிட்டத்தட்ட 4,90,000 பாட்டு பின்னால இன்டர்நெட் ஆர்க்கைவ்ல வந்துச்சு, மிச்சத்துல பல பேருக்கு மைஸ்பேஸ்ல இருந்ததுதான் ஒரே காப்பி. கிளவுட் வேணாம்னு சொல்லல, பழைய வர்ஷனையும் வச்சிருக்கிற பேக்கப் சேவையா பார்த்து எடுங்க, எக்ஸ்டர்னல் டிரைவ் ரொம்ப நாள் சொருகாம இருந்தா அதோட காப்பியை என்ன பண்ணுவாங்கங்கிற விதியையும் படிச்சுட்டு சேருங்க. ஏத்துற நேரம் நமக்கு ஒரு தடை இல்ல, வீட்ல 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் இருந்தா 300 ஜிபி கணக்குப்படி 40 நிமிஷம், நிஜத்துல வைஃபையும் வெளிநாட்டு சர்வரும் சேர்ந்து பல மடங்கு ஆகும், அப்படியும் ஒரு வார இறுதிக்குள்ள முடிஞ்சிடும்.

இப்ப நீங்க கேட்ட எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா. உறுதியா தெரிஞ்சது, எந்த டிரைவும் சாகும். பேக்பிளேஸ் கம்பெனி தங்களோட லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க் கணக்கை வெளியிடுறாங்க, வருஷத்துக்கு சராசரியா 1லேர்ந்து 2 சதவீதம் சாகுது. ஆனா அது டேட்டா சென்டர்ல குளிர்ல அசையாம ஓடுற டிஸ்க், பைக்குள்ள போட்டு எம்ஆர்டியில தூக்கிட்டுப் போற போர்ட்டபிள் டிரைவுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. எஸ்எஸ்டி கீழ விழுந்தா தாங்கும், வேகம், வேலை பண்ணும்போது அதுதான் நல்லது. ஆனா கரண்ட் இல்லாம கிடந்தா அதுல சார்ஜ் மெதுவா கசியும், சூடு கூடக்கூட வேகமா கசியும். ஜெடெக்ங்கிற சிப் துறை அமைப்போட தரப்படி வீட்டு உபயோக எஸ்எஸ்டி, எழுத வேண்டிய அளவு மொத்தமும் எழுதித் தீர்ந்த பிறகு, 30 டிகிரியில கரண்ட் இல்லாம ஒரு வருஷம் டேட்டாவைத் தாங்கணும். இதை வச்சு எஸ்எஸ்டி ஒரு வருஷத்துல அழிஞ்சுடும்னு பரப்புறாங்க, அது தப்பு, அது தேய்ஞ்சு முடிஞ்ச டிரைவுக்கு வச்ச குறைந்தபட்ச அளவு, புது டிரைவ் அதைவிட ரொம்பவே தாங்கும். எவ்வளவுங்கிறது மாடலுக்கு மாடல் மாறும். ஆனா ஏர்கான் இல்லாத நம்ம ரூம்ல பகல்ல 30 டிகிரி சாதாரணம்ங்கிறதால, ரெண்டு வருஷம் பெரும்பாலும் சும்மா கிடக்கப்போற காப்பிக்கு நான் ஹார்ட் டிஸ்க்தான் எடுப்பேன். ஈரப்பதம் பத்தி, ஹார்ட் டிஸ்க் கெட்டுடும்னு ரொம்ப பயமுறுத்துறாங்க, டிஸ்க் தயாரிக்கிறவங்களே நீர் கோக்காத வரைக்கும் நல்லா அதிகமான ஈரப்பதத்துக்கும் அனுமதி குடுக்கிறாங்க, கவனிக்க வேண்டியது ஜில்லுனு இருந்த ரூம்லேர்ந்து வெளியில எடுத்த உடனே சொருகுறது, கொஞ்ச நேரம் விட்டு சொருகுங்க. கேமரா டிரை கேபினட் இருந்தா வைங்க, இதுக்காகவே வாங்க வேண்டாம். சிம் லிம் கம்ப்யூட்டர் கடைகள்ல போய் விலை கூடின மாடலைத் தேடறதைவிட, ரெண்டு வேற கம்பெனி டிரைவ் வாங்குங்க, ஒரே நாள்ல ஒரே கடையில வாங்கின ஜோடியில ஒரே மாதிரி குறை வர வாய்ப்பு இருக்கு. மேக், விண்டோஸ் ரெண்டுலயும் திறக்கணும்னா எக்ஸ்ஃபேட் ஃபார்மேட், ஆனா அதுல ஜர்னலிங் (பாதியில நின்ன எழுத்தை சரிசெய்ய வைக்கிற குறிப்பு) கிடையாது, காப்பி ஓடும்போது வயரைப் பிடுங்கினா ஃபைல் கெடும், எஜெக்ட் பண்ணிட்டு எடுங்க.

வரிசைன்னு கேட்டா நான் இப்படிப் பண்ணுவேன். சொந்தப் பதிவுகளை இன்னிக்கே காப்பி பண்ணிடுவேன், அது ஒரு மணி நேர வேலை. பிறகு முடிச்ச பாட்டுக்கெல்லாம் ஸ்டெம், பாதியில நிக்கிற ஐடியாவுக்கு கலெக்ட் ஆல் மட்டும், ஏன்னா எல்லாத்துக்கும் ஸ்டெம் எடுக்க உட்கார்ந்தா அலுத்துப் போய் எதுவுமே முடியாது. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், அதுல டெம்போ, ஸ்கேல், லைவ் வர்ஷன், பிளகின் பேர்கள், சாம்பிள் எங்கேர்ந்து வந்துச்சு, கூட வேலை பண்ணவங்க யாரு. பழைய வர்ஷன்களை தேதியோட விட்டு வைங்க, இங்க காப்புரிமைக்குப் பதிவு தேவையில்ல, படைச்ச உடனே வந்துடும், ஆனா யாரு முதல்ல பண்ணதுன்னு தகராறு வந்தா அந்தத் தேதிகள் கைகொடுக்கும். எல்லாம் முடிஞ்சதும் நண்பர் ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல உங்க டிரைவை சொருகி, மூணு நாலு பாட்டைத் திறந்து முழுசா ஓட விட்டுக் கேளுங்க. உங்க லேப்டாப்லயே சோதிச்சா அது காணாம போன சாம்பிளை பழைய ஃபோல்டர்லேர்ந்தே எடுத்துக்கிட்டு எல்லாம் சரியா இருக்கிற மாதிரி காட்டும், அதனால வேற மெஷின்தான் வேணும். அது ஓடுற வரைக்கும் லேப்டாப்ல எதையும் அழிக்காதீங்க.

கேம்ப் போன பிறகு சில மாசத்துக்கு ஒரு தடவ ரெண்டு டிரைவையும் சொருகி, நாலஞ்சு ஃபைலைத் திறந்து பாருங்க, ஃபிளாக்கா வச்சிருந்தா சோதனையை ராத்திரி ஓட விட்டுட்டு தூங்கலாம். கிளவுட் அக்கவுண்டோட ரிகவரி கோடை பேப்பர்ல அச்செடுத்து அக்காகிட்ட குடுத்து வைங்க, போன் தொலைஞ்சா இல்ல நம்பர் மாறினா உள்ள போக அது வேணும். சிந்த் என்ன மாடல்னு எழுதுங்க, சிஸெக்ஸ் எப்படி எடுக்கிறதுன்னு ஒவ்வொண்ணுலயும் மெனு வேற மாதிரி இருக்கும், எனக்குப் பழக்கமான மாடலா இருந்தா படிப்படியா சொல்றேன்.